முதலாண்டு மாணவருக்கு எதற்கு லட்ச ரூபாய் லேப்டாப்?

கலந்தாய்வில் பொறியியல் இடம் உறுதியான அன்று மாலையே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்த லேப்டாப் வாங்குவது? பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் போகிறது. "ஐ7 பார்த்து வாங்குங்க சித்தப்பா. பதினாறு ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டும் கண்டிப்பா இருக்கணும். இன்ஜினீயரிங்னா இது இல்லாம முடியாது. ஒரு தடவை போட்டா நாலு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்கிறார் அவர். யூடியூபில் 'டாப் டென்' போடுகிறவரும் அதையேதான் சொல்கிறார். கடைக்காரர் ஆமாம் போடுகிறார். சில கல்லூரிகள் சேர்க்கையின்போது கொடுக்கும் தாளில்கூட இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. எண்பதாயிரத்தில் தொடங்கும் பேச்சு, லட்சத்தைத் தாண்டியபின்தான் முடிகிறது.

பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்திலேயே என் வேலைக்காலம் கழிந்திருக்கிறது. அங்கே நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கருத்து தவறு. கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்டது, ஆனாலும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுவது என்று விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பாடத்தைப் பார்த்தாலும் தவறு, கணக்கைப் பார்த்தாலும் தவறு. அதைவிட மோசம், கல்லூரி செய்ய வேண்டிய கடமையைப் பெற்றோர் தலையில் கட்டுவதற்கு இது துணை போகிறது.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். 2017-இல் நிர்ணயித்தபடி, சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்பவருக்கு ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. அரசுப் பள்ளியிலிருந்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வருகிறவருக்கு அந்தக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் விழுகிறது. இந்த எண்களுக்குப் பக்கத்தில் லட்ச ரூபாயை வைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுக் கட்டணம் அது. மாத உதவித்தொகையில் ஒரு பைசாகூடத் தொடாமல் சேர்த்தாலும் நூறு மாதம் ஆகும். படிப்பு முடிவதோ நாற்பத்தெட்டு மாதத்தில். கட்டணமே இல்லாமல் பிள்ளை படிக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டிய தாய், லேப்டாப்புக்காகத் தோட்டைக் கழற்றி நகைக் கடனுக்குப் போகிறார்.

அடகு வேண்டாம் என்றால் தவணை. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று கடை வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காது; நடைமுறைக் கட்டணம் தனி; வட்டிக்குமேல் ஜிஎஸ்டி தனி. ஒரு மாதத் தவணை தவறினால் அபராதமும் சேரும், அப்பாவின் சிபில் கணக்கிலும் அது ஏறும்.

இவ்வளவு கொடுத்து வாங்கும் இயந்திரத்துக்கு முதல் ஆண்டில் என்ன வேலை? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். பாடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், ஆனால் முதலாண்டின் போக்கு பெரிதாக மாறுவதில்லை. முதல் செமஸ்டரில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தமிழர் மரபு, பைத்தான். இவற்றில் கணினி இல்லாமல் நடக்காதது பைத்தான் ஒன்றுதான். அதில் மாணவர் எழுதுபவை, இரண்டு எண்களுக்கு மீப்பெரு பொதுக்காரணி காண்பது, பட்டியலில் பெரிய எண்ணைத் தேடுவது, ஒரு கோப்பில் எத்தனை சொற்கள் என்று எண்ணுவது போன்ற இருபது முப்பது வரி நிரல்கள். இரண்டாம் செமஸ்டரில் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டு கேட்பது இந்தப் பாடத்துக்காகத்தான் என்று நம்பிய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். மினி டிராஃப்டரைப் பலகையில் மாட்டி, ஹெச், ஹெச்பி பென்சிலால் தாளில் கையால் வரைகிற பாடம் அது. தேர்விலும் கையால்தான் வரைய வேண்டும்.

நம்ப மறுக்கிறவர்களுக்கு நான் ஒரு வேலை சொல்வதுண்டு. பைத்தான் வகுப்பு நடக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எட்டு ஜிபி ராம் உள்ள ஆய்வகக் கணினியில் விஎஸ் கோடும் பத்துப் பன்னிரண்டு குரோம் பக்கங்களும் திறந்திருக்கையில் நினைவகம் ஆறு ஜிபியை ஒட்டி நிற்கும். அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பவை விண்டோஸும் குரோமும். பிராசசர் கோடு தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருக்கும். மாணவர் 'ரன்' அழுத்தும் கணத்தில் அது சிறு மேடாக எழுந்து அடங்கும். அடுத்த வரியை மாணவர் யோசித்து எழுதும்வரை இயந்திரம் சும்மா இருக்கிறது. அந்த யோசனையை வேகப்படுத்தும் பிராசசரை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்கவில்லை. பயிற்சியும் நேரமும் நல்ல ஆசிரியரும்தான் அதற்கு வேண்டும்.

"முதல் வருஷம் சரி சார், மூணாவது வருஷம்?" என்பார்கள். நியாயமான கேள்வி, நின்று பதில் சொல்ல வேண்டியது. மெக்கானிக்கல் மாணவருக்குச் சாலிட்வொர்க்ஸ் வேண்டும்; அது பதினாறு ஜிபி ராம் கேட்கிறது, உண்மை. ஆனால் மாணவர் வடிவமைப்பது ஒரு ஃபிளேஞ்ச் இணைப்பு, ஒரு ஸ்குரூ ஜாக், ஒரு பிளம்மர் பிளாக். பத்துப் பதினைந்து பாகங்களுக்குச் சாதாரணப் பிராசசரில் உள்ள கிராஃபிக்ஸே ஈடுகொடுக்கும். ஆன்சிஸ் இன்னும் நல்ல உதாரணம். பெரிய சர்வர் கேட்கும் மென்பொருள் என்று அதற்குப் பெயர். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் அதன் மாணவர் பதிப்பில், கட்டமைப்புப் பகுப்பாய்வுக்கு 1,28,000 கணுக்கள் என்று உச்சவரம்பு இருக்கிறது. அதற்குமேல் நுணுக்கமாகப் பிரித்தால் மென்பொருளே கணக்கை ஓட்டாது. அந்த வரம்புக்குள் அடங்கும் கணக்கை ஓட்ட லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை. லட்ச ரூபாய் இயந்திரம் வைத்திருந்தாலும் அந்த வரம்பைத் தாண்டவும் முடியாது. சிவிலுக்கு ஆட்டோகேட் இருபரிமாண வரைபடம், சர்வே கணக்கு, கியூஜிஐஎஸ். எலக்ட்ரிக்கலுக்குச் சைலேப், ஆக்டேவ். இசிஇக்கு எல்டிஸ்பைஸ், கைகேட். இவற்றில் எதுவும் கேமிங் லேப்டாப் கேட்பதில்லை.

கேட்பவையும் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டர் ஓட்டினால் எட்டு ஜிபி மூச்சுத் திணறும். எஃப்பிஜிஏ வேலைக்கான விவாடோ, டிஸ்கில் நூறு ஜிபியை விழுங்கும். கட்டடக்கலை படிப்பவர் முப்பரிமாண ரெண்டரிங் செய்ய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். கேம் வடிவமைப்புக்கும் அனிமேஷனுக்கும் அப்படியே. இந்தப் பட்டியலில் வருபவர்கள் யார் யார் என்பது முதலாண்டில் அவர்களுக்கே தெரியாது. எந்த விருப்பப் பாடம் எடுப்போம், எந்த புராஜெக்டில் சேருவோம் என்பது ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில்தான் தெளிவாகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று மற்ற எல்லாவற்றுக்கும் சொல்கிற பெரியவர்கள், இதில் மட்டும் ஒன்றுமே தெரியாத நாளில் பெரிய தொகையைப் போடச் சொல்கிறார்கள்.

இப்போது அதிகம் கேட்கும் வாதத்துக்கு வருகிறேன். "இது ஏஐ காலம் சார். ஜிபியு இல்லாம என்ன படிக்கிறது?" இந்த ஒரு வாக்கியம் இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களைக் கடனாளி ஆக்கியிருக்கும் என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது. மெஷின் லேர்னிங் ஆய்வகத்தில் மாணவர் முதலில் தொடும் தரவு ஐரிஸ் பூக்கள். 1936-இல் ஃபிஷர் வெளியிட்டது. மொத்தம் 150 பூக்கள், பூவுக்கு நான்கு அளவுகள். எந்தக் கணினியிலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அடுத்து எம்னிஸ்ட் கையெழுத்து எண்கள்: பயிற்சிக்கு 60,000 படங்கள், ஒவ்வொன்றும் 28-க்கு 28 புள்ளி. சாதாரணப் பிராசசரில் ஒரு டீ குடித்து வருவதற்குள் ஓடி முடியும்.

அதற்குமேல் உண்மையிலேயே பெரிய மாதிரிகளைத் தொட வேண்டும் என்றால் லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் கார்டு கைவிட்டுவிடுகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். எழுநூறு கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரி இன்றைய நிலையில் சிறியது. அளவுரு ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் அதை நினைவகத்தில் ஏற்றவே 14 ஜிபி வேண்டும். முழுமையாகப் பயிற்றுவிக்க அதைப்போலப் பல மடங்கு. லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் விற்கும் லேப்டாப்பில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டின் நினைவகம் 6 ஜிபி. சுருக்கிய வடிவத்தில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவே. இன்னொரு பக்கம், கூகுள் கோலாபில் ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் 16 ஜிபி நினைவகம் கொண்ட டி4 கார்டு இலவசமாகக் கிடைக்கிறது. காகிளில் வாரத்துக்கு முப்பது மணி நேரம் ஜிபியு தருகிறார்கள். கோலாபில் இணைப்பு நடுவில் அறுந்துபோவதுண்டு, கூட்டமான நேரத்தில் ஜிபியு கிடைக்காமலும் போகும். ஆனாலும் லட்ச ரூபாய் கார்டைவிட இரண்டரை மடங்கு நினைவகம் காசில்லாமல் கிடைக்கிறது. கணக்கு ஓடுவது அவர்கள் சர்வரில் என்பதால் நம் பக்கம் பழைய லேப்டாப்பே போதும். துறையில் வேலை செய்கிறவர்களும் தங்கள் மடியில் வைத்து மாதிரிகளைப் பயிற்றுவிப்பதில்லை; தொலைவிலுள்ள சர்வரில் நுழைந்து வேலை செய்கிறார்கள். மாணவர் பழக வேண்டியதும் அதுதான்: லினக்ஸ் கட்டளைகள், எஸ்எஸ்ஹெச், கிட்.

அறிவியல் மாணவர்களைப் பற்றி இந்தப் பேச்சில் யாரும் வாய் திறப்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைக்கு என்ன கணினி வேண்டும் என்று எந்த யூடியூபரும் பட்டியல் போடவில்லை. திருநெல்வேலியில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒரு மரபணு வரிசையைப் பிளாஸ்டில் போட்டுத் தேடுகிறார். அந்தத் தேடல் நடப்பது அமெரிக்கத் தேசிய உயிரித் தொழில்நுட்பத் தகவல் மையத்தின் சர்வர்களில். அவர் முன்னால் இருப்பது ஒரு பிரௌசர் மட்டும். ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ மென்பொருள் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவம் எல்லோருக்கும் திறந்த தரவுத்தளமாக இருக்கிறது. இயற்பியல், கணித மாணவர்களுக்குப் பைத்தான், ஆர், லாடெக் எல்லாம் இலவசம், எல்லாம் எளிய கணினியில் ஓடுபவை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. அங்கேயே ஃபாஸி குழு சைலேபுக்கும் மின்சுற்று வடிவமைப்புக்கான ஈசிமுக்கும் பயிற்சிப் பொருள்களைக் குவித்து வைத்திருக்கிறது. இத்தனையும் இருபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் பார்த்துப் படிக்கக் கூடியவை. இவற்றைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் பல கல்லூரிகளில் இல்லை.

"ஒரு தடவை போட்டால் நாலு வருஷம்" என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். கேமிங் லேப்டாப் இரண்டேகால் கிலோவுக்கு மேல் எடை. அதன் அடாப்டர் தனியாக அரை கிலோ. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை ஆறரைக்குக் கல்லூரிப் பேருந்து ஏறும் பிள்ளை நான்கு ஆண்டு அதைச் சுமக்க வேண்டும். கார்டு சூடாகும், விசிறி சத்தம் போடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பேட்டரி இறங்கிவிடும். வகுப்பறையில் பிளக் பாயின்ட் எத்தனை? சுவரோரம் இரண்டு. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பேட்டரி இன்னும் தளர்ந்துவிடும். வாரன்டி முதல் ஆண்டோடு முடிந்திருக்கும். விடுதியில் எட்டுப் பேர் சேர்ந்து இரவு இரண்டு மணிவரை கேம் ஆடுவது அந்தக் கார்டில்தான் என்பதை விடுதிக் காப்பாளர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பிள்ளைகள் விளையாடட்டும், அது அவர்கள் வயது. அப்பாவிடம் அதைப் படிப்புச் செலவு என்று சொல்லி வாங்க வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். இசிஇயில் சேர்ந்த ஒரு பெண், கூடவே அப்பா. "ஐ5 போதாதுங்களா?" என்று அவர் தயங்கிக் கேட்டார். "ஐ5 ஆபீஸ் வேலைக்குங்க. இன்ஜினீயரிங்குக்கு ஐ7 தான்" என்றார் கடைப் பையன். மேசைமேல் அவர் எடுத்து வைத்தது பயன்படுத்திப் புதுப்பித்த லேப்டாப். ஐ7 8550யு, எட்டாம் தலைமுறை, நான்கு கோர். அதே அலமாரியில் அதைவிடக் குறைந்த விலைக்கு ஐ3 1215யு ஒன்று இருந்தது. அது பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர், வேகத்தில் அந்த ஐ7-ஐ மிஞ்சும். மூன்று, ஐந்து, ஏழு என்ற எண் ஒரே தலைமுறைக்குள்தான் பொருள்படும் என்பதை அந்த அப்பாவுக்கு யாரும் சொன்னதில்லை. நான் குறுக்கிட்டுச் சொன்னபோது கடைப் பையன் முகம் சுளித்தார். அந்தப் பெண் மட்டும் இரண்டு பெயர்களையும் தன் போனில் தேடிப் படித்துவிட்டு அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ராம் எத்தனை, இன்னொன்று போட இடம் இருக்கிறதா, எஸ்எஸ்டியா, கீபோர்டு எப்படி, திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிறதா என்பவைதான் நான்கு ஆண்டு அதன்முன் உட்காரப்போகிறவர் கேட்க வேண்டியவை. இவற்றில் ஒன்றைக்கூட அன்று கடையில் யாரும் பேசவில்லை.

இங்கே இன்னொரு தரப்பையும் மறுக்க வேண்டியிருக்கிறது. லேப்டாப்பே தேவையில்லை, கைப்பேசி போதும் என்று சொல்லும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். என் வாதத்தை அவர்கள் பக்கம் யாரும் இழுத்துப் போக வேண்டாம். கைப்பேசியில் வீடியோ பார்க்கலாம், நிரல் எழுதிப் பழக முடியாது. ஐந்து அங்குலத் திரையில் பாதியைக் கீபோர்டு அடைத்துக்கொள்ள, பிழைச் செய்தியைப் படிக்கவே இடமில்லை. அறிக்கை எழுத, அட்டவணை போட, சுற்று வரைய, வேலைவாய்ப்புத் தேர்வுக்குக் கேமரா முன் உட்கார ஒரு கணினி வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும். அது எளியதாக இருக்கலாம் என்பதே நான் சொல்வது.

பெரிய கணினி எங்கே இருக்க வேண்டும் என்றால், கல்லூரியில். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பொறியியல் கல்லூரிக்கு அனுமதி கொடுக்கும் ஏஐசிடிஇ, மாணவர் எண்ணிக்கைக்கு இத்தனை கணினி, இன்ன இன்ன மென்பொருள் என்று விதி வைத்திருக்கிறது. ஆய்வுக் குழு வரும் வாரத்தில் ஆய்வகம் பளிச்சென்று இருக்கும். மற்ற நாள்களில்? நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நாலேகாலுக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவோம், ஏனென்றால் நாலரைக்குப் பேருந்து கிளம்பிவிடும். விடுதி மாணவர்களுக்காவது இரவு திறந்து வைக்கலாமே என்று கேட்டால் மின்கட்டணம், ஆள் செலவு என்று பதில் வரும். நாற்பது இருக்கையில் ஆறு ஏழு 'நாட் வொர்க்கிங்' தாள் ஒட்டிக் கிடக்கும். அந்தக் கணினிகளில் பாதிக்கு எஸ்எஸ்டி ஒன்று மாற்றினால் உயிர் வந்துவிடும். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் வேலை. அதைச் செய்யாத நிர்வாகம் மாணவர்களிடம் சொல்கிறது, அவரவர் லேப்டாப் கொண்டுவாருங்கள் என்று. ஆய்வகக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் யார் அடிபடுகிறார்கள் என்று பாருங்கள். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் கணினி இருந்த வீடுகள் 4.4 விழுக்காடு, நகரங்களில் 23.4. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு ஆய்வகம் ஒன்றுதான் மற்றவரோடு சமமாக உட்காரும் இடம். அங்கே எல்லோருக்கும் ஒரே கணினி, ஒரே மென்பொருள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து "செமிகோலன் விட்டுட்ட" என்று சொல்வார். சொந்த லேப்டாப் கொண்டுவா என்று விதி வந்ததும் வகுப்பறையில் சாதனத்தின் விலை தெரிய ஆரம்பிக்கிறது. மடியில் விலை உயர்ந்தது இல்லாத பிள்ளை பின்வரிசைக்குப் போகிறது, தன்னால் முடியவில்லை என்று நம்பவும் தொடங்குகிறது. நிரலில் தவறு எங்கே என்று கேட்டால் "என் லேப்டாப் ஸ்லோ சார்" என்று பதில் சொன்ன மாணவர்கள் எத்தனையோ பேர். அருகில் போய்ப் பார்த்தால் லூப்பின் நிபந்தனை தவறாக இருக்கும். தான் கற்கக் கூடியவன் என்ற நம்பிக்கையையே இந்தப் பட்டியல்கள் அரித்துவிடுகின்றன.

அரசு கொடுக்கும் மடிக்கணினியை எள்ளி நகையாடுவதும் இதே நோயின் அறிகுறி. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு வழங்குவது என்று அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எட்டு ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று தகுதி வைத்து, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. "இத வச்சு என்ன பண்றது?" என்று கேட்கிறவர்கள், மேலே சொன்ன பாடப் பட்டியலை ஒரு முறை பார்க்கட்டும். முதல் இரண்டு ஆண்டுப் பாடம் முழுவதும் அதில் ஓடும். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு எளிய லேப்டாப்பை வாங்கி, அதில் சி மொழி கற்று, இன்று நல்ல வேலையில் இருக்கும் மாணவர்கள் எனக்குத் தெரியும். பழுது பார்க்கும் மையம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறதா, பின்னால் ராம் சேர்க்க இடம் இருக்கிறதா, பேட்டரி மாற்றக் கிடைக்குமா என்று அரசை இடைவிடாமல் கேட்க வேண்டும். இலவசமாகக் கிடைத்ததாலேயே அது தாழ்ந்தது என்று பிள்ளை காதில் ஓதக் கூடாது.

அரசின் லேப்டாப் கிடைக்காதவர்கள் எதை வாங்குவது? நாற்பது ஐம்பதாயிரம் செலவழிக்க முடிந்தவர்கள், கடந்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் வந்த ஐ5 அல்லது ரைசன் 5, பதினாறு ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும் என்று நின்றுவிடலாம். ராம் விலை அண்மையில் கடுமையாக ஏறியிருப்பதால் இப்போதைக்கு எட்டு ஜிபியில் வாங்கி, இன்னொரு ஸ்லாட் காலியாக இருப்பதை உறுதி செய்துகொள்வதும் நல்ல வழி. அதுவும் கட்டுப்படியாகாதவர்கள், பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகளைப் பார்க்கலாம். உழைப்பதற்காகவே செய்த லேப்டாப்புகள் அவை. கீபோர்டு அருமை, உதிரிபாகம் கிடைக்கும், இருபதாயிரம் சுற்றுவட்டத்தில் முடியும். ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதற்கு முந்தைய பிராசசர்களை ஏற்பதில்லை. வீட்டில் அதைவிடப் பழையது ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எஸ்எஸ்டி மாற்றி உபுண்டு ஏற்றினால் முதலாண்டு முழுக்க வேலை செய்யும். கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் கடைத் தவணைக்கும் அடகுக்கும் முன்னால் கல்விக் கடனைக் கேளுங்கள். படிப்புக்குத் தேவையான கணினியின் நியாயமான விலையையும் அதில் சேர்க்க வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. நான்கு லட்சம் வரை பிணைச் சொத்து எதுவும் கேட்கக் கூடாது.

பெற்றோரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். சேர்க்கை நாளன்று கட்டணம் கட்டும் வரிசையில் நிற்கும்போதே துறைத் தலைவரைப் பார்த்துக் கேளுங்கள். எந்தச் செமஸ்டரில் எந்த மென்பொருள்? அது ஆய்வகத்தில் இருக்கிறதா? ஆய்வகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும்? விடுதிப் பிள்ளைகளுக்கு இரவில் உண்டா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்து அனுப்புவார்கள். வரிசையில் நிற்கும் நூறு பேரும் கேட்டால் ஆய்வகம் திறக்கும். அந்தப் பதில் கைக்கு வரும்வரை கடைப் பக்கம் போகாதீர்கள்.